தொக்கு நிற்கும் பொருள்

இளமையில் நான் சொன்ன பொய்களுள் ஒன்று வானத்தைப் பற்றியது. நோன்பு மாதம் நிறைவுறும் மாலையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் பிறை பார்க்கக் கூடுவோம். அத்தா சுட்டிய திசையில் எனக்குத் தென்னங்கீற்றும் செவ்வானமுமே தெரிந்தன. மற்றவர் எல்லாரும் கண்டுவிட்டமையால் நானும், "தெரியுது அத்தா" என்றேன்.

நாற்பதைக் கடந்த பின் அதே பிழையை மேடையில் செய்தேன். "அண்டத்தில் 95 விழுக்காடு கண்ணுக்குப் புலப்படாதது என்று அறிவியலாரே ஒப்புக்கொண்டுவிட்டனர். மறைவானவற்றை நம்பும் நமக்கு இதனினும் சான்று வேண்டுமோ?" என முழங்கினேன். கைதட்டல் ஓயச் சற்று நேரமாயிற்று. மறுநாள் தேநீர் வேளையில் இயற்பியல் துறை நண்பர் மெல்லக் கேட்டார்: "அய்யா, அந்த 95 விழுக்காடும் ஒரே பொருளா, இரண்டா?" எனக்கு விடை தெரியவில்லை.

இரண்டு என்பதை அவரிடமே கற்றேன். ஏறத்தாழ 27 விழுக்காடு கரும்பொருள். 68 விழுக்காடு இருள் ஆற்றல். (கரும்பொருள் என்றதும் தமிழாசிரியனுக்குத் தொல்காப்பியக் கருப்பொருள் நினைவுக்கு வரும். அது வேறு; ஒற்று ஒன்றே இடையிலுள்ள வேலி.)

கி.பி. 964-இல் பாரசீக வானியலறிஞர் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி தம் நூலில் ஒரு சிறு மேகத்தைக் குறித்து வைத்தார். இன்று நாம் ஆண்ட்ரோமெடா எனும் விண்மீன் மண்டலம் அதுவே. ஏறக்குறைய 25 இலட்சம் ஒளியாண்டுத் தொலைவிலுள்ளது. 1970-இல் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் அம்மண்டலத்தின் சுழற்சியை ஆராய்ந்து முடிவுகளை வெளியிட்டனர். ஞாயிற்றைச் சுற்றும் கோள்களுள் தொலைவிலுள்ளவை மெதுவாகச் செல்லும். அங்கோ, வெளிவிளிம்பில் உள்ளவையும் வேகம் குறையாமல் சுற்றின. கண்ணுக்குத் தெரியும் பொருளின் ஈர்ப்பு மட்டுமே இருந்தால், அவ்வளவு வேகத்தில் செல்பவை சிதறிப் போயிருக்க வேண்டும். காணாத ஏதோ ஒன்று அவற்றைப் பிடித்து வைத்திருக்கிறது என்று கருதப்படுகிறது.

இவ்விடத்தில் எனக்குத் தோன்றிய எண்ணத்தைச் சொல்லிவிடுகிறேன், இயற்பியலார் பொறுத்தருள்க. 'தண்ணீர்க்குடம்' என்கிறோம். தண்ணீரை உடைய குடம் என்று பொருள் கொள்கிறோம். 'ஐ' உருபும் 'உடைய' என்னும் சொல்லும் வெளியே இல்லை, தொக்கு நிற்கின்றன. இல்லாதது போல் இருந்துகொண்டே இரு சொற்களையும் பிணைக்கின்றன. விண்மீன் மண்டலமும் ஒரு தொகைநிலைத் தொடரோ? நண்பர் சிரித்துவிட்டு, "உருபு மறைந்திருப்பதாக ஏன் கொள்ள வேண்டும்? உங்கள் இலக்கணமே பிழையாக இருக்கலாமே" என்றார். அப்படிச் சொல்வோரும் உளர். 1983-இல் மில்க்ரோம் என்பார், மிகக் குறைந்த முடுக்கத்தில் ஈர்ப்பு விதியே மாறுகிறது என்றார். பெரும்பாலோர் ஏற்கவில்லை. எனினும் கரும்பொருளின் துகளையும் இன்றளவும் எவரும் பிடித்துக் காட்டவில்லை.

இருள் ஆற்றலுக்கு என் இலக்கணம் உதவவில்லை. அது பிணைப்பதன்று. அண்டம் விரியும் வேகம் கூடிக்கொண்டே போகிறது என்று 1998-இல் இரு குழுவினர் கண்டனர். 2011-இல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. அவ்வேகத்தின் காரணத்துக்கு இட்ட பெயரே இருள் ஆற்றல். அதன் வலிமை காலப்போக்கில் குறையக்கூடும் என்னும் ஐயத்தை 2024, 2025 ஆண்டுகளின் அளவீடுகள் எழுப்பியுள்ளன. உறுதி செய்யப்படவில்லை.

அன்று கைதட்டிய பெரியவர்கள் பலர் இம்மலரையும் படிப்பார்கள். அவர்களுக்கு நான் கடன்பட்டுள்ளேன். நான் காட்டிய சான்று சான்றன்று. அறிவியலார் 'புலப்படாதது' என்றது, இன்னும் அளந்து முடியாத ஒன்றை. நாளை ஒரு கருவி அதைப் பிடித்துவிட்டால், அல்லது அப்படியொன்று இல்லையென நிறுவிவிட்டால், அதன்மேல் சாய்த்து வைத்த என் நம்பிக்கையை எங்கே கொண்டு வைப்பேன்?

சென்ற தை மாதத்தில் நண்பரின் இருகண் தொலைநோக்கியை இரவல் வாங்கிவந்து, மகளை மொட்டைமாடிக்கு அழைத்துச் சென்றேன். அஸ்ஸூஃபியின் சிறு மேகம் எனக்கு மங்கலாய்த் தெரிந்தது. அவள் நெடுநேரம் பார்த்துவிட்டு, "ஒண்ணும் தெரியலையே அத்தா" என்றாள். கருவியை வாங்கி, மீண்டும் திசை சரிபார்க்கத் தொடங்கினேன்.