உரிய இடம்

'ளுல்ம்' என்னும் அரபுச் சொல்லை 'அநீதி' என்று மொழிபெயர்த்து விட்டுச் செல்வது நம் வழக்கம். மொழி நூலார் தரும் விளக்கமோ ஆழமானது. ஒன்றை அதற்குரிய இடத்தில் வைக்காமல் வேறிடத்தில் வைப்பதே ளுல்ம். அதனதன் இடத்தில் வைப்பது 'அத்ல்', அதாவது நீதி. இப்பாடத்தை மாணவர்க்கு நடத்தும்போதெல்லாம் நம் நினைவுக்கு வருவது ஓர் அமெரிக்க விளையாட்டுக் குழுவின் வரலாறு என்றால், வாசகர்கள் வியக்கக் கூடும்.

பேஸ்பால் ஆட்டத்தை நாம் நேரில் கண்டதில்லை. கிரிக்கெட்டைப் போல மட்டையும் பந்தும் கொண்டு ஆடுவது என்ற அளவிலேயே அறிவோம். ஆயினும் 'டாட்ஜர்ஸ்' குழு கடந்து வந்த பாதை நம்மை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. 1883இல் புரூக்ளினில் தோன்றிய குழு அது. டிராம் வண்டிகளுக்குத் தப்பி ஒதுங்கி நடப்போர் என்று அவ்வூரார்க்கு ஏற்பட்ட கேலிப் பெயரே குழுவின் பெயராகவும் நிலைத்தது.

அந்நாளில் பெரிய குழுக்களில் கறுப்பினத்தார்க்கு இடமில்லை. எழுதிய சட்டம் ஏதுமில்லை. முதலாளிகளின் மௌன உடன்பாடே ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் கதவை அடைத்து வைத்திருந்தது. டாட்ஜர்ஸின் தலைவர் பிராஞ்ச் ரிக்கி, 1945இல் ஜாக்கி ராபின்சன் என்னும் கறுப்பின இளைஞரை அழைத்துப் பேசினார். எத்தகைய இழிசொல் கேட்டாலும் திருப்பித் தாக்காத துணிவு வேண்டும் என்பது அவர் விதித்த நிபந்தனை. 1947 ஏப்ரல் 15 அன்று ராபின்சன் களமிறங்கினார். சொந்தக் குழுவினர் சிலரே அதற்கு முன்பு எதிர்ப்புத் தெரிவித்திருந்தனர்; எதிரணியினர் வாய் கூசாமல் ஏசினர். அவர் பொறுத்தார். ஸப்ர் என்பது கையாலாகாதவனின் அடைக்கலம் என்று எண்ணுவோர் அவர் வரலாற்றைப் படிக்கட்டும்! அவ்வாண்டின் சிறந்த புதிய வீரர் என்னும் விருதும், 1949இல் லீகின் தலைசிறந்த வீரர் என்னும் விருதும் அவரைத் தேடி வந்தன. 1955இல் குழு முதன்முறையாக உலகத் தொடரை வென்றது. உரியவர் உரிய இடத்தை அடைந்தார்.

கதை இங்கே முடிந்திருந்தால் மனத்துக்கு இதமாக இருந்திருக்கும். புரூக்ளினில் தாம் விரும்பிய இடத்தில் அரங்கம் கட்ட வழி கிட்டாத உரிமையாளர் வால்டர் ஓமாலி, 1957ஆம் ஆண்டுப் பருவத்தோடு குழுவை லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் கொண்டு சென்றார். தலைமுறைகளாகக் கைதட்டி வளர்த்த ஊர் வெறுங்கையுடன் நின்றது. பழைய மைதானம் 1960இல் இடிக்கப்பட்டது.

புதிய ஊரில் அரங்கம் எழுந்த இடம் சாவேஸ் ராவின் குன்றுப் பகுதி. மெக்சிகோ வழிவந்த ஏழைக் குடும்பங்கள் அங்கே வாழ்ந்திருந்தன. மலிவான குடியிருப்புகள் கட்டப்போவதாகவும், அவற்றில் அவர்களுக்கே முதலிடம் என்றும் 1950இல் அரசு அதிகாரிகள் எழுதிக் கொடுத்தனர். பெரும்பாலோர் வெளியேறினர். குடியிருப்புத் திட்டமோ கைவிடப்பட்டது. 1958இல் நடந்த வாக்கெடுப்பில், குறைந்த வாக்கு வேறுபாட்டில், அந்நிலத்தைக் குழுவுக்கு அளிக்கும் உடன்பாடு நிறைவேறியது. 1959 மே மாதம், எஞ்சியிருந்தோரைக் காவலர்கள் அப்புறப்படுத்தினர். ஒரு பெண்ணைக் கைகால்களைப் பிடித்துத் தூக்கி வந்தனர். 1962இல் அரங்கம் திறக்கப்பட்டது.

ஒருவருக்கு அவரது இடத்தைத் தந்த குழுவுக்கு, பலர் இடமிழந்த நிலம் அரங்கமாயிற்று. இன்று ஆண்டுதோறும் ஏப்ரல் 15 அன்று எல்லாக் குழுவினரும் ராபின்சனின் 42ஆம் எண்ணை அணிந்து ஆடுகின்றனர். அக்குன்றின் குடும்பங்களுக்கு அவ்வாறு எல்லாரும் கூடி நினைவுகூரும் நாள் ஏதுமில்லை.

முன்னதைக் காட்டிப் பின்னதை மறைப்பதும், பின்னதைக் காட்டி முன்னதை அழிப்பதும் தராசைச் சாய்ப்பதே ஆகும். அபகரித்த நிலத்தில் தொழுவதும் ஆகாது என்று ஃபிக்ஹு நூல்களில் ஓதுகிறோம். தொழுகையைவிடச் சிறந்த செயல் ஏது? அதுவே பிறர் உரிமைக்கு ஈடாகாது எனின், நாம் எழுப்பும் கல்விக்கூடமும் மண்டபமும் எம்மாத்திரம்? ஒரு நற்பணியின் திறப்பு விழாவில் மாலை ஏற்கும்போது, இதன்பொருட்டு இடம் பெயர்ந்தவர் யார், அவருக்குக் கொடுத்த வாக்கு என்னவாயிற்று என்று கேட்கும் ஒருவரேனும் நம் ஜமாஅத்தில் இருக்கட்டும். அவருக்கும் அவையில் உரிய இடம் அளிப்போமாக!