வழுக்குவது பாறையா, லாடமா?

சர்க்கஸில் பார்த்திருப்பீர்கள். மூக்கில் சிவப்புப் பந்து மாட்டிய கோமாளி ஒருத்தர், ஹேண்டில்பார் இல்லாத, பாதியை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்ட மாதிரி ஒரு சைக்கிளில், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு தள்ளாடித் தள்ளாடி வருவார். நாமும் கைதட்டிவிட்டு, யானை எப்போ வரும் என்று காத்திருப்போம். அதே ஒற்றைச் சக்கரத்தை மலைமேல் தூக்கிக்கொண்டு போய், பாறையிலும் மணலிலும் மரத்தின் வேரிலும் ஓட்டுகிற கூட்டம் ஒன்று உலகத்தில் இருக்கிறது. யாரும் சம்பளம் தருவதில்லை. சொந்தக் காசு, சொந்த முட்டி.

மவுன்டன் யூனிசைக்கிள் என்பதைச் சுருக்கி 'மியூனி' என்கிறார்கள். ஆங்கிலத்தில் எழுதியிருப்பதை நம்ம ஆள் எழுத்துக்கூட்டினால் 'முனி' என்றுதான் படிப்பான். தப்பில்லை. அத்துவானத்தில், திடீரென்று பாறைக்குப் பின்னாலிருந்து, தரையில் கால் படாமல் ஒரு உருவம் எழும்பி வந்தால் வேறென்ன நினைப்பதாம்?

அலாஸ்காவில் சீவர்ட் என்கிற ஊரைச் சேர்ந்த ஜார்ஜ் பெக் 1980-களிலேயே கரடுமுரடான இடங்களில் ஓட்டிக் காட்டியவர். அப்புறம் கனடாவின் வான்கூவரிலிருந்து கிரிஸ் ஹோம். இவருடைய தொழில் நிலவியல். பாறை எப்போது உருளும் என்று தெரிந்தவர் பாறைமேல் ஓட்டுகிறார், நியாயம்தான். இந்த முனிகள் எல்லோரும் ஒரு தடவையாவது போய்ப் பார்க்க நினைக்கிற ஸ்தலம், அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தின் கிழக்குக் கோடியில் இருக்கிறது. பெயர் மோவாப். பைபிளில் வருகிற ஒரு நாட்டின் பெயர்.

சின்ன ஊர். ஐயாயிரத்துச் சொச்சம் பேர்தான். பக்கத்தில் கொலராடோ நதி. சுற்றிலும் எந்தப் பக்கம் திரும்பினாலும் சிவப்புப் பாறை, செங்கல் சூளைக்குள் ஊரைக் கட்டின மாதிரி. 1952-ல் சார்லி ஸ்டீன் என்கிற ஒரு ஏழை நிலவியல்காரர் பக்கத்தில் யுரேனியம் கண்டுபிடித்தார். ஊர் ஒரே ராத்திரியில் கொழித்தது. ரும்பா நடனம் கற்றுக்கொள்ள அவர் வாரா வாரம் சொந்த விமானத்தில் சால்ட் லேக் சிட்டிக்குப் பறந்து போய் வந்தாராம். யுரேனிய மவுசு பிறகு அடங்கியது. இன்றைக்கு ஊரைக் காப்பாற்றுவது பாறையைப் பார்க்க வருகிறவர்களும், அதன்மேல் எதையாவது ஓட்டலாமா என்று வருகிறவர்களும்தான்.

அப்படி ஓட்டுவதற்கென்றே ஊருக்கு மேலே ஒரு பாதை. 'ஸ்லிக்ராக் டிரெய்ல்'. 1969-ல் மோட்டார் சைக்கிள்காரர்களுக்காகப் போட்டது. பிறகு சைக்கிள்காரர்கள் வந்து பிரபலமாக்கினார்கள். பத்தரை மைல் சுற்று. பாதை என்று சொன்னாலும் ரோடெல்லாம் கிடையாது. மொட்டைப் பாறை, அதன்மேல் விட்டுவிட்டு வெள்ளை பெயின்ட் கோடு. அவ்வளவுதான். கோட்டைப் பிடித்துக்கொண்டே ஏறணும், இறங்கணும்.

ஸ்லிக்ராக் என்றால் வழுக்குப் பாறை. பயப்படாதீர்கள், அந்தப் பாறை வழுக்காது! ஏறக்குறைய 19 கோடி வருஷத்துக்கு முன்னால் காற்று குவித்த மணல்மேடுகள்தான் இறுகி இப்படிக் கல்லாகிவிட்டன. கையை வைத்துத் தேய்த்தால் உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று இருக்கும். அப்புறம் ஏன் இந்தப் பெயர்? அந்தக் காலத்தில் இங்கே குடியேறியவர்கள் வந்தது குதிரையில். குதிரைக்கு இரும்பு லாடம். வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை. இரும்பு இந்தப் பாறையில் நிற்கவில்லை, வழுக்கியது. பழியைப் பாறைமேல் போட்டுவிட்டார்கள். ரப்பர் டயர் வந்த பிறகுதான் உண்மை தெரிந்தது. எதைப் போட்டுக்கொண்டு போகிறாய் என்பதில்தான் இருக்கிறது விஷயம்.

முனிக்காரர்கள் ஷூ பற்றி மணிக்கணக்காக வாதம் பண்ணுவதன் ரகசியமும் இதுதான்.

நம்ம சைக்கிளில் இறக்கத்தில் மிதிப்பதை நிறுத்தலாம். சக்கரம் பாட்டுக்குச் சுற்றும். ஃப்ரீவீல் என்கிற புண்ணியவான் செய்கிற உபகாரம். காலைத் தூக்கி, சொறிந்துகொண்டு, மறுபடி வைக்கலாம். ஒற்றைச் சக்கரத்தில் அந்தச் சவுகரியம் இல்லை. கிராங்க் நேராகச் சக்கரத்தின் அச்சில் மாட்டியிருக்கிறது. சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் பெடலும் ஒரு சுற்று. 24 அங்குலச் சக்கரத்தில் அந்தப் பத்தரை மைலை முடிக்க 8,000-க்கு மேல் மிதிக்கணும். இறக்கத்திலும் மிதிக்கணும். ஸீட்டுக்கு அடியில் சிலர் பிரேக் வைத்திருப்பார்கள். இல்லாதவர்கள் பெடலைக் காலாலேயே பின்னுக்கு அழுத்தித்தான் வேகத்தைக் குறைக்கணும்.

இப்போது பாறை ஒரு உலுக்கு உலுக்குகிறது. கால் அரை அங்குலம் நகர்ந்துவிட்டது. ஓடிக்கொண்டிருக்கிற பெடலிலேயே, நொடிக்குள், காலைச் சரி பண்ணணும். ஷூ ரொம்ப ஒட்டினால் நகர்த்த முடியாது. ஒட்டாவிட்டால் பெடல் நழுவி, அதன் ஆணிகள் முழங்காலுக்குக் கீழே கையெழுத்துப் போட்டுவிடும். மேனேஜரிடம் பழகுகிற மாதிரி: ரொம்ப ஒட்டினாலும் ஆபத்து, விலகினாலும் ஆபத்து.

அதனால்தான் ஷூவைப் பெடலோடு பூட்டிக்கொள்கிற கிளிப் வகையறாவைப் பெரும்பாலான முனிகள் தொடுவதில்லை. விழும்போது பூட்டைத் திறக்க நேரம் ஏது? இவர்கள் கீழே விழுவதை 'விழுவது' என்று சொல்ல மாட்டார்கள். யு.பி.டி. என்பார்கள். 'திட்டமிடாத இறக்கம்' என்று அர்த்தம். ஆபீஸ் பைலில் எழுதலாம் போலிருக்கிறது. வண்டியைப் பின்னால் விட்டுவிட்டு முன்பக்கம் குதித்து, இரண்டு எட்டு ஓடி நிற்பதுதான் நல்ல இறக்கம். ஆக, அந்த நொடியில் அது சைக்கிள் ஷூ இல்லை, ஓடுகிற ஷூ. குதிகாலில் கொஞ்சம் மெத்தென்று இருக்கணும். கல்லில் இடித்தால் கட்டைவிரல் பிழைக்கிற மாதிரி முன்பக்கம் கெட்டியாக இருக்கணும்.

அடிப்பாகம் தட்டையாக இருப்பது உத்தமம். மலையேறுகிற பூட்ஸில் ஆழமான பள்ளமும் மேடுமாக இருக்கும். பெடலின் ஆணி பள்ளத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டால், அது சொன்ன இடத்தில்தான் கால் இருக்கும், நாம் சொன்ன இடத்தில் இருக்காது. தமாஷ் என்னவென்றால், மெர்ரெல் கம்பெனி 'மோவாப்' என்ற பெயரிலேயே ஒரு ஷூ விற்கிறது. 'பூட்ஸ்களுக்கெல்லாம் தாய்' என்கிற ஆங்கில வாக்கியத்தின் முதலெழுத்துகள். நடப்பதற்கு அருமையான ஷூ. ஆனால் மோவாபில் ஒற்றைச் சக்கரம் ஓட்ட மோவாபை மாட்டிக்கொண்டு போனால், அந்தப் பள்ளம் மேடெல்லாம் பெடலோடு மல்லுக்கு நிற்கும்.

பலர் போவது ஸ்கேட்போர்டு பையன்களின் தட்டை ஷூவுக்கு, அல்லது ஃபைவ் டென் மாதிரி மலைச் சைக்கிள் ஷூவுக்கு. ஃபைவ் டென் 1985-ல் பாறை ஏறுகிறவர்களுக்காக ஆரம்பித்த கம்பெனி. 2011-ல் அடிடாஸ் வாங்கிவிட்டது. அவர்களுடைய ரப்பர் மிருதுவானது, பெடலை உடும்பு மாதிரி பிடிக்கும். அதுவே சிலருக்குக் குறை! காலை நகர்த்த முடியவில்லையாம். அவர்கள் கொஞ்சம் தேய்ந்த ஷூவைத் தேடுகிறார்கள். தேய்ந்த ஷூவுக்கு மதிப்பு இருக்கிற விளையாட்டு வேறு உண்டா, தெரியவில்லை.

ரொம்ப வளைகிற கான்வாஸ் ஷூவாக இருந்தால் பத்தரை மைலில் உள்ளங்கால் பெடலைச் சுற்றி வில்லாக வளைந்து வலிக்கும். பலகை மாதிரி விறைப்பாக இருந்தாலோ பெடல் எங்கே இருக்கிறது என்று காலுக்கே தெரியாது. நடுவாந்திரம் நல்லது. கிராங்க் சுற்றுகிறபோது உள்பக்கக் கணுக்கால் எலும்பில் 'ணங்' என்று ஒரு அடி விழும், பட்டவர்களைக் கேளுங்கள். கணுக்காலை மூடுகிற உயரமான ஷூ அதற்காக. குதிகால் பக்கம் அகன்று விரிந்த ஷூ கூடாது, அதுவும் கிராங்கில் உரசும்.

ஸ்விட்சர்லாந்துக்காரர் புளோரியான் ஷ்லும்ப் உருவாக்கிய இரண்டு கியர் அச்சு ஒன்று உண்டு. கியர் மாற்ற, அச்சிலிருக்கும் பொத்தானை ஓட்டிக்கொண்டே குதிகாலால் தட்டணும்! அந்த ஆசாமிக்குக் குதிகாலின் வடிவமே கியர் லிவர்.

கடைசியாக லேஸ். சின்ன விஷயம், பெரிய வினை. தொங்குகிற லேஸ் கிராங்கில் சுற்றிக்கொண்டால் நிறுத்த வழியில்லை. சக்கரம் சுற்றச் சுற்ற அது இறுகும். முடிச்சை ஷூவுக்குள் செருகிவிட்டுத்தான் ஏறணும்.

இதே ஷூ எல்லா ஊருக்கும் சரிப்படாது. வான்கூவர் பக்கத்து மலைக்காட்டில் மழை, சேறு, வழுக்கும் வேர். வண்டியைத் தூக்கிக்கொண்டு நடக்கிற தூரமும் ஜாஸ்தி. அங்கே தட்டை ரப்பர் சேற்றில் சறுக்கும். நுனியிலும் குதிகாலிலும் கொஞ்சம் பல் வேண்டும், நடுவில் மட்டும் தட்டை. மோவாபிலோ நடந்தாலும் ஓட்டினாலும் தட்டை ரப்பர்தான் ராஜா.

மோவாபில் ஷூவுக்கு இன்னொரு பொறுப்பும் இருக்கிறது. பாறைகளுக்கு நடுவே மணல் திட்டுகள். மேலே கறுப்பாக, கரடுமுரடாக, தீய்ந்த அடை மாதிரி ஒரு படலம் தெரியும். மண் என்று நினைத்து மிதித்துவிடாதீர்கள். அது உயிர். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களும் பாசியும் சேர்ந்து மணலைப் பின்னிப் பிடித்து வைத்திருக்கின்றன. காற்று மண்ணை வாரிக்கொண்டு போகாமல் காப்பதும், செடிகளுக்கு நைட்ரஜன் சேர்ப்பதும் அதுதான். ஒரு மிதி போதும், நொறுங்கும். திரும்ப வளர வருஷங்கள் ஆகும், சில இடங்களில் பல பத்தாண்டுகள். பாறைச் சரிவில் கால் நிற்கும் என்ற நம்பிக்கை இல்லாதவன் என்ன செய்வான்? பாறையை விட்டுவிட்டு, சுளுவாக மண்ணில் இறங்கிச் சுற்றிக்கொண்டு போவான். நல்ல ஷூ போட்டவன் பாறையிலேயே போவான். காலுக்கு வாங்குகிற ரப்பர் மண்ணையும் காப்பாற்றுகிறது.

ஜூலையில் வெயில் 38 டிகிரியைத் தொடுகிற ஊர் அது. வசந்தத்திலோ இலையுதிர்காலத்திலோ, விடிகாலையில், நிறையத் தண்ணீரோடு போவது புத்திசாலித்தனம். ஹெல்மெட்டும் முழங்கால் காப்பும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எனக்கு அந்தப் பாறையை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது. அதைப்போல் காலைப் பிடிக்கிற கல் அபூர்வம், பெயரோ வழுக்குப் பாறை. அன்றைக்கு அந்தக் குதிரைகளுக்கு நல்ல ரப்பர் ஷூ யாராவது வாங்கிக் கொடுத்திருந்தால் இந்த அவப்பெயர் வந்தே இருக்காது. என்ன, தலைக்கு ரெண்டு ஜோடி வாங்கணும்!