கடலடியில் ஒரு சைக்கிள் சவாரி

பிரான்ஸ் தேசத்துத் திராட்சைத் தோட்டங்களைப் பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள். சரிவுகளில் வரிசை வரிசையாகக் கொடிகள். நடுவே வளைந்து வளைந்து போகும் பாதை. மேடேறினால் ஒரு பழைய கோட்டை, இறங்கினால் ஒரு சின்னக் கிராமம். அந்தப் பாதைகளில் சைக்கிள் விடுவதற்கென்றே ஜனங்கள் லீவு போட்டுக்கொண்டு போகிறார்கள். ஆண்கள் மட்டுமல்ல, பேரன் பேத்தி எடுத்த பாட்டிமார்கள்கூட! நம் ஊரில் முப்பது வயது தாண்டிய குடும்பப் பெண் ஒருத்தி அப்படிக் கிளம்பினால் மூன்று கேள்விகள் வரும். “யாரோடு? எதற்கு? ஏன், பஸ் ஓடவில்லையா?”

பதில் சொல்லிவிடுகிறேன். நாத்தனாரோடு போனேன். இந்தக் கட்டுரைக்காகப் போனேன். பஸ் நன்றாகவே ஓடுகிறது. ஆனால் நான் பார்க்க விரும்பியதெல்லாம் பஸ் நிற்காத இடங்கள். போன ஊர்கள் பெரம்பலூர், அரியலூர்.

“பெரம்பலூரா! அங்கே என்ன இருக்கிறது?” என்று உதட்டைப் பிதுக்காதீர்கள். சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகிற வழியில் காபிக்காக இறங்கி, வெயிலைத் திட்டிவிட்டு மறுபடி ஏறிக்கொள்ளும் இடம் என்றுதான் நம்மில் பலருக்கு அதைத் தெரியும். ஒரு காலத்தில் எல்லாமே திருச்சி ஜில்லா. 1995-ல் பெரம்பலூர் தனி மாவட்டமாயிற்று. அதிலிருந்து 2001-ல் அரியலூர் பிரிந்து, மறு வருஷமே திரும்பிச் சேர்ந்து, 2007-ல் மறுபடியும் தனிக்குடித்தனம் போயிற்று. கூட்டுக் குடும்பத்தில் வாழ்ந்தவர்களுக்கு இதெல்லாம் புதிதா என்ன?

என் நாத்தனார் ஒரு கல்லூரியில் பூகர்ப்ப சாஸ்திரம் சொல்லிக் கொடுக்கிறாள். மற்றப் பெண்களுக்கு நகைக் கடையில் மலரும் முகம் இவளுக்குக் கல்லைக் கண்டால் மலரும். “அண்ணி, உங்களைக் கடலுக்கு அடியிலே சைக்கிள் விட வைக்கிறேன், பாருங்கள்” என்றாள். என் வீட்டுக்காரர் எங்களையும் இரண்டு சைக்கிள்களையும் காரில் கொண்டுவந்து பெரம்பலூரில் இறக்கிவிட்டார். மூன்றாம் நாள் சாயங்காலம் கீழப்பழுவூரில் வந்து அழைத்துப் போவதாக ஏற்பாடு.

முதல் நாள் விடியற்காலையில் மேற்கே லாடபுரத்துக்கு விட்டோம். எதிரே பச்சைமலை நீலமாக எழுந்து நிற்கிறது. சாலை மெள்ள மெள்ள ஏறுகிறது. ஏறுவது கண்ணுக்குத் தெரியாது, தொடைக்குத்தான் தெரியும். இரு பக்கமும் மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம். நாம் சாம்பாரில் போடுகிற வெங்காயத்தில் கணிசமான பங்கு இந்தச் சீமையில் விளைவதுதான். வயலோரங்களில் வெங்காயப் பட்டறைகள். காற்றுப் புகும்படி படல் கட்டி, மேலே கூரை வேய்ந்து, உள்ளே வெங்காயத்தைக் கொட்டி, விலை ஏறும் வரையில் காத்திருக்கிறார்கள். ஒரு பட்டறையடியில் தாள் அரிந்துகொண்டிருந்த பாட்டி எங்களை நிறுத்தினாள்.

“ஏம்மா, எந்த ஆபீசு? கணக்கெடுக்க வந்தீங்களா?”

“இல்லை பாட்டி, சும்மா ஊர் பார்க்க வந்தோம்.”

“சும்மாவா? இந்த வெயில்லயா?” பாட்டி சிரித்த சிரிப்பில் எங்களுக்கே கொஞ்சம் சந்தேகம் வந்துவிட்டது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பெண் பிள்ளை சைக்கிள் விடுவது இங்கே யாருக்கும் அதிசயமில்லை. அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் பதினோராம் வகுப்பில் கிடைக்கும் இலவச சைக்கிளில் இரட்டைப் பின்னல் பறக்கப் போகும் பெண்கள் எங்களை முந்திக்கொண்டு போனார்கள். அவர்கள் சைக்கிளில் கியர் கிடையாது, எங்களுடையதில் இருபத்தொன்று. இந்த அவமானத்தை விவரிக்காமல் விடுகிறேன்.

வாலிகண்டபுரமும் ரஞ்சன்குடியும் பெரம்பலூருக்கு வடக்கே, நெடுஞ்சாலையை ஒட்டி. வாலி பூஜித்ததாகச் சொல்லும் ஈசுவரன் கோயிலைத் தரிசித்துவிட்டு மேலே போனால் ரஞ்சன்குடிக் கோட்டை வருகிறது. 17-ஆம் நூற்றாண்டில், கர்நாடக நவாபுக்கு உட்பட்ட ஜாகீர்தார் ஒருவர் கட்டியது. பாறைக்குன்றின் மேல் ஒன்றுக்குள் ஒன்றாக மதில்கள், சுற்றி அகழி. உச்சியில் காற்று புடைவைத் தலைப்பைப் பிய்த்துக்கொண்டு போகிறது. (சைக்கிளுக்குச் சல்வார்தான் சௌகரியம், கோட்டைக்குப் புடைவைதான் அழகு என்று நான் பிடிவாதம் பிடித்ததன் பலன்.) பிரெஞ்சுக்காரர்கள் இந்தப் பக்கத்துக்கும் வந்திருக்கிறார்கள், திராட்சை பயிரிட அல்ல, சண்டை போட. நவாப் பட்டம் யாருக்கு என்ற போட்டியில் அவர்கள் சந்தா சாகிபின் பக்கம். இங்கிலீஷ்காரர்கள் முகமது அலியின் பக்கம். 1751-ல் இங்கே நடந்த மோதலில் இங்கிலீஷ் படை நிலை குலைந்து திருச்சியை நோக்கிப் பின்வாங்கிற்று. அந்தப் படையோடு இருந்த ராபர்ட் கிளைவுக்கு அப்போது படைக்குச் சாப்பாட்டுச் சாமான் சேகரித்துக் கொடுக்கும் வேலை!

கோட்டைக்கு வயது முன்னூறு சொச்சம். மறு நாள் நாங்கள் பார்த்தவற்றின் முன்னால் அது நேற்றுப் பிறந்த குழந்தை.

சாத்தனூரில் ஒரு மரம் படுத்திருக்கிறது. மரம் என்றால் மரமல்ல, கல். 18 மீட்டர் நீளம். 1940-ல் டாக்டர் எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிந்து உலகுக்குச் சொன்னார். பிற்பாடு இந்தியப் பூகர்ப்ப ஆய்வுத் துறைக்கு முதல் இந்தியத் தலைவரானவர் அவர்தான். 12 கோடி வருஷம் என்று வயது சொல்கிறார்கள். அன்று இங்கே கடல் இருந்தது. கரையில் வளர்ந்த மரம் தண்ணீரில் அடித்துக்கொண்டு வரப்பட்டு, சேற்றில் அமிழ்ந்து, நார் நாராகக் கல்லாக மாறிவிட்டது. தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினேன். “வேலி எதற்குப் போட்டிருக்கிறார்கள், அண்ணி?” என்றாள் நாத்தனார். மாணவிகள் இவளிடம் என்ன பாடு படுகிறார்களோ!

அங்கிருந்து காரை. சாலை ஏறி இறங்குகிறது. திடீரென்று பச்சை மறைந்து, நிலம் ஆயிரம் மடிப்பாக வெட்டுண்டு கிடக்கிறது. சாம்பலும் மஞ்சளும் காவியுமாகக் குட்டிக் குட்டி மேடுகள், ஓடைகள். சைக்கிளைச் சாலையோரம் பூட்டிவிட்டு நடக்க வேண்டியதுதான். கண்ணாடிச் சில்லு போல மின்னுவது ஜிப்சம். பென்சில் துண்டு போல் காலடியில் கிடப்பது பெலம்னைட். இன்றைய கணவாய் மீனுக்குத் தூரத்து உறவு. ஆட்டுக்கடாவின் கொம்பு மாதிரி சுருண்டிருப்பது அம்மோனைட். உங்களுக்கு அது தெரிந்த பொருள்தான். நேபாளத்துக் கண்டகி நதியிலிருந்து வந்து நம் பூஜை அறைகளில் இருக்கும் சாளக்கிராமத்துக்குள்ளே சக்கரம் தெரிகிறதே, அதுவும் இந்த ஜாதி ஜந்துவின் ஓடுதான்.

அந்த மேட்டில் உட்கார்ந்து எலுமிச்சம்பழச் சாதம் சாப்பிடும்போது நாத்தனார் சொன்ன ஒரு செய்தி என்னை வியப்பில் ஆழ்த்திவிட்டது. பூமியின் வயதைச் சாஸ்திரக்காரர்கள் காலம் காலமாகப் பிரித்துப் பெயர் வைத்திருக்கிறார்கள் அல்லவா? இந்தப் பாறைகளின் காலத்துக்குரிய பெயர்களில் பல பிரான்ஸ் தேசத்து ஊர்ப்பெயர்கள். லெ மான் நகரத்தின் பெயரால் ஒரு காலம். தூர் நகரத்தின் பெயரால் ஒன்று. 1857-ல் கோக்கான் என்ற பிரெஞ்சு அறிஞர் கோன்யாக் ஊரின் பெயரால் ஒரு காலத்தையும், அதை அடுத்த ஷாம்பேன் என்னும் திராட்சை நிலத்தின் பெயரால் இன்னொன்றையும் வகுத்தார். கோன்யாக் பிராந்திக்குப் பெயர் போன அதே சரிவுகள்தான்! அங்கே திராட்சை வேர் விடும் சுண்ணாம்புப் பாறையும், அரியலூர்ப் பாறையில் ஒரு பகுதியும் ஒரே காலத்தில், வெவ்வேறு கடலடியில் படிந்தவை. அங்கே அதன் மேல் திராட்சை. இங்கே பருத்தி, சோளம். பெயர் மட்டும் அவர்களுக்கு.

2020-ல் குன்னம் பக்கத்தில் டைனசார் முட்டை கிடைத்துவிட்டதாக ஊரே திரண்டது உங்களுக்கு நினைவிருக்கும். வந்து பார்த்த நிபுணர்கள் அதுவும் அம்மோனைட்டைச் சுற்றி உருண்ட கல் என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு அதில் ஏமாற்றமே இல்லை.

கிழக்கே போகப் போகப் பாறையின் வயது குறையும் என்றாள் நாத்தனார். சைக்கிளில் ஒவ்வொரு மைலுக்கும் லட்சக்கணக்கான வருஷங்கள் முன்னேறுகிறோம்! இன்னும் கிழக்கே, நின்னியூர்ப் பக்கத்துப் பாறையில் அம்மோனைட் கிடையாது. 6 கோடியே 60 லட்சம் வருஷங்களுக்கு முன் டைனசாரோடு அந்த வம்சமும் அழிந்துபோன பிறகு படிந்த பாறை அது.

அரியலூரை நெருங்கும்போது மருதையாறு. 1956 நவம்பரில் வெள்ளம் பாலத்தைக் குலைக்க, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து 140-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்று ராஜினாமா செய்தார். நாங்கள் பார்த்தபோது ஆற்றில் கணுக்கால் அளவு தண்ணீர்கூட இல்லை.

மூன்றாம் நாள் பார்த்ததுதான் இன்னும் மனத்தை விட்டுப் போகவில்லை. அரியலூரைச் சுற்றிச் சிமென்ட் ஆலைகள். அவற்றுக்குச் சுண்ணாம்புக்கல் வெட்டும் பள்ளங்கள். ஒரு பள்ளத்தின் விளிம்பில், வேலிக்கு இந்தப் பக்கம் நின்று எட்டிப் பார்த்தோம். அடேயப்பா! அடியில் லாரிகள் தீப்பெட்டி போல் ஊர்கின்றன. வெட்டுண்ட சுவரில் வரி வரியாகச் சிப்பிகள், உள்ளங்கை அகலச் சிப்பிகள், அடுக்கி வைத்த தட்டுகளைப் போல. 7 கோடி வருஷமாக அசையாமல் இருந்தவை. அவற்றை உடைத்துப் பொடியாக்கிச் சூளையில் 1,450 டிகிரியில் வேக வைத்தால் கிளிங்கர் என்ற உருண்டை வருகிறது. அதை அரைத்தால் சிமென்ட். ஒரு டன் கிளிங்கருக்குச் சுமார் ஒன்றரை டன் சுண்ணாம்புக்கல் வேண்டும்.

சிமென்ட்டைத் திட்ட எனக்கு வாயில்லை. எங்கள் வீட்டு மாடியில் ஒரு அறை எடுக்க ஆறு மாதமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். நீங்கள் சாய்ந்துகொண்டு இதைப் படிக்கும் சுவரிலும் அந்தச் சிப்பி இருக்கக்கூடும். ஆலையால் பிழைக்கும் குடும்பங்கள் இங்கே எத்தனையோ. அதே லாரிப் புழுதியில் துணி உலர்த்துகிற குடும்பங்களும் அவையே. சைக்கிள்காரிக்கு அந்தச் சாலை நரகம். லாரி கடக்கும்போதெல்லாம் இறங்கி, முகத்தை மூடிக்கொண்டு நின்றோம். காரையையும் சாத்தனூர் மரத்தையும் பாரம்பரிய இடங்கள் என்று பூகர்ப்பத் துறை பட்டியலில் சேர்த்திருக்கிறது. இந்தப் பள்ளங்களில் வெளிப்படும் சுவர்களில் ஒன்றிரண்டையாவது, கல் தீர்ந்த பிறகு மண் போட்டு மூடாமல் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கென்று விட்டுவைக்கக் கூடாதா? “ஒரே ஒரு சுவர், அண்ணி” என்றாள் நாத்தனார். அவள் குரல் அப்படித் தழுதழுத்து நான் கேட்டதில்லை.

வாரணவாசியில் அரசாங்கத்தின் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. குழந்தைகளோடு போகிறவர்கள் முதலில் அதைப் பார்த்துவிட்டு, பிறகு வெளியே கிளம்பினால் கண்ணில் எல்லாம் படும்.

அப்புறம் பழுவூர். ‘பொன்னியின் செல்வ’னை வாராவாரம் காத்திருந்து படித்த தலைமுறையின் பேத்திகளுக்கு இந்தப் பெயரைச் சொன்னாலே போதும்! பழுவேட்டரையர்கள் மெய்யாகவே இங்கே இருந்தவர்கள். முதலாம் பராந்தக சோழனுக்குப் பெண் கொடுத்த குலம். நந்தினி மட்டும் கல்கியின் கற்பனை. மேலப்பழுவூரை ஒட்டிய கீழையூரில் அவர்கள் எடுப்பித்த இரட்டைக் கோயில், அவனிகந்தர்ப்ப ஈசுவர கிருகம், அமைதியாக நிற்கிறது. சிங்கங்கள் தாங்கும் தூண்களின் நிழலில் கால் நீட்டி உட்கார்ந்தோம். மூன்று நாளில் அதுதான் நல்ல நிழல்.

போக நினைப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. டிசம்பர் முதல் பிப்ரவரி வரைதான் தோது. காலை பத்துக்குள் பாதி தூரத்தை முடித்துவிடுங்கள். காரையில் ஒதுங்க ஒரு மரம் கிடையாது. தண்ணீரும் நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். பெரம்பலூருக்கு ரயில் இல்லை, அரியலூருக்கு உண்டு. கல் எதையும் பொறுக்கிக்கொண்டு வராதீர்கள். கிளம்பும் முன் என் நாத்தனார் என் பையைத் தலைகீழாகக் கொட்டிப் பார்த்தாள், வெங்காயம்தான் இருந்தது.

மூன்று மணிக்கு வருவதாகச் சொன்ன என் வீட்டுக்காரர் ஐந்து மணிக்கு வந்தார். சைக்கிள்களைக் காரில் கட்டிக்கொண்டே, “ஒரு நல்ல சேதி! மாடி அறைக்கு முதலில் நாற்பது மூட்டை சொல்லிவிட்டேன்” என்றார். நாத்தனாரும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.