பரத்பூர்ப் பறவைகள்

நுழையும்முன்

நீர் தேங்கி நிற்கும் நிலத்தைப் பயனற்ற நிலம் என்று பலர் எண்ணிய காலம் உண்டு. அந்நிலமே எண்ணற்ற உயிர்களுக்கு உணவும் உறையுளும் தருகிறது என்பதை இன்று அறிந்துள்ளோம். தமிழாசிரியர் ஒருவர் அத்தகைய ஓரிடத்திற்குக் குடும்பத்துடன் சென்று வந்த பட்டறிவை இப்பாடம் கூறுகிறது.

*

ஆழமின்றி நீர் தேங்கி நிற்கும் நிலத்தை ஈரநிலம் என்கிறோம். ஏரியும் குளமும், ஆற்றின் கழிமுகமும் அலையாத்திக் காடும், நீர் நிறைந்த நெல்வயலும்கூட ஈரநிலங்களே. மழைவெள்ளத்தைத் தாங்கிக்கொள்வதும், நிலத்தடி நீரைப் பெருக்குவதும், மீனுக்கும் பறவைக்கும் இரை தருவதும் அவற்றின் பணிகள். ஈரநிலங்களைக் காப்பதற்காக ஈரான் நாட்டின் ராம்சர் நகரில் 1971ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் நாள் உலக நாடுகள் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. அதன்படி 1981இல் இந்தியாவிலிருந்து முதன்முதலாகப் பட்டியலில் இடம்பெற்றவை இரண்டு. ஒன்று ஒடிசாவின் சிலிகா ஏரி. மற்றொன்று ராஜஸ்தானின் பரத்பூரில் உள்ள கேவலாதேவ் பறவைகள் காப்பிடம். 1985இல் இஃது உலகப் பாரம்பரியச் சின்னமாகவும் ஏற்கப்பெற்றது.

கேவலாதேவ் என்பது காப்பிடத்தின் நடுவே அமைந்த சிவன் கோயிலின் பெயர். ஏறத்தாழ 29 சதுர கிலோமீட்டர் பரப்புடைய இவ்விடம் முழுவதும் இயற்கையாய் அமைந்ததன்று. இயல்பாகவே தாழ்ந்திருந்த நிலம் இது. 18ஆம் நூற்றாண்டில் பரத்பூரை ஆண்ட சூரஜ்மல் மன்னர் காலத்தில் இதனருகே அஜான் அணைக்கரை எழுப்பப்பட்டது. மழைக்காலத்தில் அங்குச் சேரும் நீரை மதகுகளின் வழியே உள்ளே விடுவர். குறுக்குக் கரைகளால் பிரிக்கப்பட்ட குளங்கள் ஒவ்வொன்றாய் நிறையும். கோடையில் பெரும்பகுதி வற்றிவிடும். இங்குள்ள பறவைகளின் வாழ்வு மனிதர் திறந்துவிடும் நீரைச் சார்ந்தே நடைபெறுகிறது.

நாங்கள் வாழும் ஆக்ராவிலிருந்து பரத்பூர் ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தொலைவு. திசம்பர் மாத விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் என் மனைவியும் மக்கள் இருவரும் புறப்பட்டோம். வேதாரண்யம் பக்கத்துச் சிற்றூரிலிருந்து எங்களுடன் சில திங்கள் தங்குவதற்காக வந்திருந்த என் அன்னையும் உடன் வந்தார்.

என் மகள் ஏழாம் வகுப்பு மாணவி. ஒரு மாநிலத்தில் பிறந்து, மற்றொரு மாநிலத்தில் எழுத்தறிந்து, இப்போது மூன்றாவது மாநிலத்தில் படிக்கிறாள். தமிழைப் பிழையின்றிப் படிப்பாள்; ஆயினும் பேசும்போது இந்திச் சொற்களே அவள் நாவில் முதலில் வந்து நிற்கும். அப்பாயிக்கோ இந்தி ஒரு சொல்லும் தெரியாது. ஆதலால் வீட்டில் அவர்களிடையே நிகழும் உரையாடல் "சாப்பிட்டாயா?", "ஆம்", "இன்னும் வேண்டுமா?", "வேண்டாம்" என்பதோடு முடிந்துவிடும். அன்புக்குக் குறைவில்லை, சொல்லுக்குத்தான் குறைவு. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகை செய்துவிட்டு அவரவர் வேலைக்குத் திரும்புவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

காப்பிடத்தின் வாயிலை அடைந்தபோது மூடுபனி விலகவில்லை. பத்தடிக்கு அப்பால் எதுவும் புலப்படவில்லை. உள்ளே செல்ல மிதிவண்டி ரிக்சாக்கள் உண்டு. அவற்றை ஓட்டுவோருள் பலர் பறவைகளைப் பற்றிப் பயிற்சி பெற்றவர்கள். வண்டி ஓட்டுவதோடு வழிகாட்டியாகவும் இருப்பவர்கள். தலைப்பாகை அணிந்த முதியவர் ஒருவரின் வண்டியில் அன்னையும் மகளும் ஏறிக்கொண்டனர். நாங்கள் மற்றொரு வண்டியில் பின்தொடர்ந்தோம்.

கண்ணுக்குத் தெரியாத பறவைகள் காதுக்குத் தெரிந்தன. நீரில் சிறகடிக்கும் ஓசை, கரகரத்த குரல், சீழ்க்கை போன்ற கீச்சொலி என எல்லாம் வெண்திரைக்குப் பின்னிருந்து வந்தன. ஒன்பது மணியளவில் பனி மெல்ல மேலெழுந்தது. கரையின் இருமருங்கிலும் நீர்ப்பரப்பும், நீர் நடுவே கருவேல மரங்களும், மரங்களின் மேல் மஞ்சள்மூக்கு நாரைகளின் கூடுகளும் தோன்றின. அவ்வாண்டுக் குஞ்சுகள் தாயளவு வளர்ந்திருந்தும் சாம்பல் நிறம் மாறாமல் இரைக்காகக் கத்திக்கொண்டிருந்தன.

முதியவர் வண்டியை நிறுத்தி, ஒவ்வொரு பறவையாகச் சுட்டி அதன் ஆங்கிலப் பெயரையும் இந்திப் பெயரையும் கூறினார். அன்னைக்கு அவர் சொற்கள் விளங்கவில்லை. அவர் விரல் விளங்கியது. மதகின் ஓரத்தில் அசையாமல் நின்ற சிறு பறவையைக் கண்டதும், "அட, மடையான்! எங்கள் வயலில் நிற்பதுபோலவே நிற்கிறதே!" என்றார்.

"ஏன் அப்பாயி அதற்கு மடையான் என்று பெயர்?" என்று மகள் கேட்டாள்.

"மடையில் நிற்பதனால் மடையான். தண்ணீரோடு மீன் வரும் வழியில் காத்திருக்கும். பாவம்போல் நிற்கும், மீனைக் கண்டால் விடாது."

அதன்பின் பெயர்கள் தொடர்ந்து வந்தன. கருத்த உடலும் நெற்றியில் வெள்ளைப் பட்டையும் கொண்டு கூட்டமாய் நீந்தியது நாமக்கோழி. உடல் முழுவதும் நீருள் மறைய, கழுத்தை மட்டும் பாம்புபோல் நீட்டிச் சென்றது பாம்புத்தாரா. மூடிய அலகின் நடுவே இடைவெளி தெரிய நின்றது நத்தைகுத்தி நாரை. அலகின் முனை அகன்று தட்டையாய் இருந்தது கரண்டிவாயன். நாங்கள் பார்க்கும்போதே நீருள் மூழ்கி, எதிர்பாராத இடத்தில் எழுந்தது முக்குளிப்பான். என் மகன் ஒவ்வொரு முறையும் அஃது எழும் இடத்தை ஊகித்துத் தோற்றுக் கைகொட்டிச் சிரித்தான்.

வகுப்பில் நாம் காரணப்பெயர் என்று படிக்கிறோம் அல்லவா? அதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேறில்லை. பறவையின் உருவமோ செயலோ இடமோ பெயருக்குள் அடங்கியிருக்கிறது. பெயரைக் கேட்டவர் பறவையை அடையாளம் காணலாம். பறவையைக் கண்டவர் பெயரை ஊகிக்கலாம். இப்பெயர்களுள் பலவற்றை ஆக்கியவர்கள் புலவர்கள் அல்லர். வயலிலும் ஏரிக்கரையிலும் உழைத்த மக்கள்.

சற்றுத் தொலைவில் ஆளுயரம் நின்ற இரு பறவைகளை முதியவர் காட்டினார். சாம்பல் நிற உடல். தலையும் மேற்கழுத்தும் குருதிச் சிவப்பு. "சாரஸ்" என்றார் அவர். பறக்கும் பறவைகளுள் இதுவே மிக உயரமானது. ஏறத்தாழ ஆறடி வரை வளரும். இணை பிரியாமல் வாழும் இயல்புடையது. உத்தரப்பிரதேசத்தின் மாநிலப் பறவையும் இதுவே.

மகள் அப்பாயியைப் பார்த்தாள். "இதற்கு நம் ஊரில் என்ன பெயர்?"

"நம் ஊரில் இது கிடையாதே கண்ணு. காணாத பறவைக்கு எப்படிப் பெயர் வைப்பார்கள்?"

"நான் கண்டேனே! நான் வைக்கலாமா?"

அன்னை சிரித்துக்கொண்டே தலையசைத்தார். மகள் சிறிது நேரம் எண்ணினாள். மடையான், கரண்டிவாயன் என்று முணுமுணுத்தாள். பின்பு, "செந்தலையன்!" என்றாள்.

நூல்களில் அதனைச் சாரசக் கொக்கு என எழுதுவர். எங்கள் வீட்டில் அன்று முதல் அது செந்தலையன்தான். முன்னோர் தந்த சொற்களை நினைவில் வைத்திருப்பது மொழிக்கு நாம் செய்யும் ஒரு கடமை. புதிய இடத்தில் புதியதைக் கண்டு அதற்குத் தமிழில் பெயர் சூட்டுவதும் அதே அளவு கடமை என்று அன்று தோன்றியது. தமிழகத்திற்கு வெளியே வளரும் பிள்ளைகளாலேதான் அந்த இரண்டாம் பணியைச் செய்ய இயலும்.

கேவலாதேவ் கோயிலின் அருகே கல்வெட்டு ஒன்று உள்ளது. முன்னாளில் இவ்விடம் மன்னர்களின் வாத்து வேட்டைக்களமாக விளங்கியது. எந்நாளில், யாருக்காக, எத்தனை பறவைகள் சுடப்பட்டன என்பதைக் கல்லில் பொறித்து வைத்துள்ளனர். 1938ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் வைசிராய் லின்லித்கோ பிரபு கலந்துகொண்ட வேட்டையில் 4273 பறவைகள் மாண்டன என்கிறது அக்கல். நான் அதனைப் படித்துத் தமிழில் கூறியபோது, "இத்தனையையும் யார் உண்டிருப்பார்கள்?" என்று மட்டும் அன்னை கேட்டார். பின்னர் வேட்டை நின்றது. பறவையியல் அறிஞர் சாலிம் அலி போன்றோரின் முயற்சியால் வேட்டைக்களம் காப்பிடமாயிற்று. 1982இல் தேசியப் பூங்காவாகவும் ஆயிற்று.

ஆயினும் துப்பாக்கி ஓய்ந்ததனால் இடர் அனைத்தும் ஓய்ந்துவிடவில்லை. சைபீரியாவிலிருந்து குளிர்காலந்தோறும் இங்கு வந்த வெண்கொக்குகள் ஈரச் சேற்றைக் கிளறிக் கோரைக்கிழங்கை உண்டு வாழ்ந்தன. ஆண்டுக்கு ஆண்டு அவற்றின் எண்ணிக்கை குறைந்தது. 2002ஆம் ஆண்டில் காணப்பட்ட இணையே இறுதி. நெடுவழியில் நேர்ந்த வேட்டையும் ஈரநிலங்களின் அழிவும் அதற்குக் காரணங்கள். அவை நின்ற குளத்தின் கரையில் முதியவர் வண்டியை நிறுத்தி, கையைச் சற்றே உயர்த்திக் காட்டிவிட்டுப் பேசாமல் இருந்தார்.

அங்கு மாடுகளைக் காணாமையால் அன்னைக்கு வியப்பு. "இவ்வளவு புல் இருக்கிறது, மேய்ப்பார் இல்லையா?" என்றார். நான் அதனை இந்தியில் முதியவரிடம் கேட்டேன். 1982இல் பூங்காவிற்குள் மேய்ச்சல் தடைசெய்யப்பட்டது. அதனால் சுற்றுப்புற ஊர்மக்கள் கிளர்ந்தெழுந்தனர். காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் சிலர் உயிரிழந்தனர். எருமைகள் மேயாமையால் நீர்ப்புல் மண்டிக் குளங்களை மூடியது. பறவைகள் இறங்க இடமின்றிப் போயிற்று. எருமைகளின் மேய்ச்சல் பறவைகளுக்கு நன்மையே செய்தது என்று பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்வு பின்னர்த் தெரிவித்தது. "மாடு மேய்ந்தால்தானே கொக்கு வரும்! எங்கள் ஊரில் சிறு பிள்ளைக்கும் தெரியுமே" என்றார் அன்னை. நான் மொழிபெயர்த்தேன். முதியவர் முதன்முறையாக வாய்விட்டுச் சிரித்தார்.

நீரும் எளிதில் கிடைப்பதன்று. கம்பீர் ஆற்றின் மேற்பகுதியில் கரௌலி மாவட்டத்தில் பாஞ்சனா அணை உள்ளது. மழை பொய்க்கும் ஆண்டில் அங்குள்ள உழவர்க்கும் நீர் வேண்டும். இங்குள்ள பறவைக்கும் நீர் வேண்டும். காவிரிக் கடைமடையில் பயிர் வைத்த அன்னைக்கு இதனை விளக்க வேண்டியிருக்கவில்லை. இப்போது வேறிடங்களிலிருந்து குழாய் வழியாகவும் நீர் கொண்டுவருகின்றனர்.

நண்பகலில் கொண்டுசென்ற புளிச்சோற்றைக் கரையோரத்தில் அமர்ந்து உண்டோம். முதியவருக்கும் ஒரு பங்கு அளித்தார் அன்னை. அப்போது வானில் ஒரு கூட்டம் வந்து இறங்கியது. வெண்ணிறத் தலையில் இரு கருங்கோடுகள் உடைய வரித்தலை வாத்துகள்! திபெத், மங்கோலியா போன்ற உயர்நிலங்களில் முட்டையிட்டு, இமயத்தைக் கடந்து வருபவை. இவ்வினத்தில் ஒரு பகுதி இங்கே தங்கிவிட, மற்றொரு பகுதி தெற்கே திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளம் வரை செல்கிறது. "நம் ஊர்ப்பக்கமும் வருமா!" என்று அன்னையும் பேத்தியும் ஒரே நேரத்தில் கேட்டனர்.

திரும்பும் வழியில் மகள் தன் குறிப்பேட்டில் இருபத்திரண்டு பெயர்களைத் தமிழில் எழுதியிருந்தாள். ஒவ்வொரு பெயரையும் அப்பாயியிடம் கேட்டுச் சரிபார்த்தாள். மடை என்றால் என்ன, கோரை எப்படி இருக்கும், நாற்று நடும்போது உள்ளான் வருமா என வினாக்கள் நீண்டன. ஆக்ரா வரும் வரை அவர்கள் பேச்சு நிற்கவில்லை.

மாணவர்களே! உங்களுள் பலர் பெற்றோரின் பணி நிமித்தம் ஊர் விட்டு ஊர் சென்று வாழ்பவர்கள். பறவைகள் பருவந்தோறும் பிறந்த இடத்திற்குத் திரும்பும். நமக்கு அவ்வுறுதி இல்லை. ஆயினும் வாழும் இடத்தை உற்றுநோக்கி அறிய நம்மால் இயலும். குவாகாத்தியில் வாழ்வோர்க்குத் தீபோர் பீல் உண்டு. குருகிராமில் சுல்தான்பூர் உண்டு. குஜராத்தில் நள் சரோவர், பஞ்சாபில் ஹரிகே, மணிப்பூரில் லோக்டாக் உண்டு. விடுமுறையில் ஒருநாள் உங்கள் ஊருக்கு அருகிலுள்ள நீர்நிலைக்குச் செல்லுங்கள். வீட்டில் முதியோர் இருப்பின் அவர்களையும் அழைத்துச் செல்லுங்கள். காண்பவற்றின் பெயரைக் கேளுங்கள். பெயர் கிடைக்காதபோது நீங்களே ஒன்றைச் சூட்டுங்கள்.

*

சொற்பொருள்
உறையுள் – தங்குமிடம்
பட்டறிவு – அனுபவம்
மடை – வயலுக்கு நீர் பாயும் வழி
கடைமடை – கால்வாய் நீர் இறுதியாகச் சென்று சேரும் பகுதி
சீழ்க்கை – விசில் ஒலி

சிந்தித்து எழுதுக
1. மடையான், நத்தைகுத்தி, பாம்புத்தாரா ஆகிய பெயர்கள் அமைந்த காரணத்தைக் கூறுக.
2. மேய்ச்சலைத் தடுத்ததனால் குளங்களில் நேர்ந்த மாற்றம் யாது?
3. உழவர்க்கும் பறவைக்கும் ஒரே நீர் தேவைப்படும்போது நீங்கள் என்ன முடிவு செய்வீர்கள்? காரணத்துடன் எழுதுக.
4. நீங்கள் வாழும் ஊரில் கண்ட ஒரு பறவைக்கு அல்லது செடிக்குத் தமிழில் காரணப்பெயர் சூட்டி, ஐந்து தொடர்களில் விளக்குக.