இடுப்பளவு சொல்லும் எச்சரிக்கை

மாதவிடாய் முற்றாக நின்றுவிட்ட பெண்ணை ஃபிக்ஹு நூல்களில் ‘ஆயிஸா’ என்கிறோம். அவள் தலாக் சொல்லப்பட்டால் இத்தா மூன்று மாதங்கள் என்று திருக்குர்ஆன் வகுத்திருக்கிறது. நான் மத்ரஸாவில் ஓதிய நாளிலும், இன்று பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் வேளையிலும் ஹைழுடைய பாடம் ஏறத்தாழ இந்த இடத்தோடு முடிந்துவிடுகிறது. ‘இனி ரமழான் நோன்பை இடையில் விட்டுக் களாச் செய்ய வேண்டியதில்லை’ என்று நம் பெண்களும் ஆறுதல் அடைகிறார்கள். ஆனால் உடம்புக்கு அங்கேதான் புதிய பாடம் ஆரம்பமாகிறது. அதை எனக்கு விளங்கவைத்தது என் உம்மாவின் நிலைமை.

1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எங்களைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தவர் அவர். புத்தளத்தில் அகதி வாழ்வு வாழ்ந்து, யுத்தம் முடிந்தபின் சோனகத் தெருவுக்குத் திரும்பினார். கையும் காலும் மெலிவு. தராசில் ஏறினாலும் நிறை அதிகமில்லை. எனவே தனக்கு ஒன்றுமில்லை என்றே இருந்தார். கண் மங்கலுக்கு மருந்தெடுக்கப் போன இடத்தில் இரத்தத்தைச் சோதித்தார்கள். சீனியும் பிறஷரும் கூடியிருந்தன. இடுப்பை அளந்தபோது 36 அங்குலம்! தளர்ந்த உடுப்புக்குள் அந்த மாற்றம் அவருக்கே தெரிந்திருக்கவில்லை.

இதற்குக் காரணம் உண்டு. ஐம்பது வயதை ஒட்டி மாதவிடாய் நிற்கும்போது ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹோர்மோன் குறைந்துவிடுகிறது. அதுவரை தொடையிலும் இடுப்பின் கீழும் சேர்ந்த கொழுப்பு, பின்னர் வயிற்றுக்குள் ஈரலையும் குடலையும் சுற்றிச் சேரத் தொடங்குகிறது. இந்த உட்கொழுப்பு இன்சுலினின் வேலையைக் கெடுக்கிறது. அதனால் இரத்தத்தில் சீனியும் கொழுப்பும் ஏறுகின்றன. இரத்த அழுத்தம் கூடுகிறது. நல்ல கொலஸ்ட்ரோல் குறைகிறது. இவை ஒன்றுசேர்ந்த நிலையை அனுசேபக் கோளாறு என்பர். நீரிழிவுக்கும் மாரடைப்புக்கும் அது வாசல்.

சர்வதேச நீரிழிவுச் சம்மேளனம் 2005 இல் தெற்காசியப் பெண்களுக்கு வகுத்த எல்லை 80 சென்ரிமீற்றர், அதாவது முப்பத்தொன்றரை அங்குலம். ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர். தையல் பெட்டியில் கிடக்கும் அளவு நாடாவே போதும். நேரே நின்று, மூச்சை இயல்பாக வெளியே விட்டு, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே அளக்க வேண்டும். வயிற்றை உள்ளிழுக்கக் கூடாது.

2005-2006 இல் நடந்த தேசிய நீரிழிவு ஆய்வில், 20 வயதுக்கு மேற்பட்டோரில் ஏறத்தாழப் பத்துக்கு ஒருவருக்கு நீரிழிவு காணப்பட்டது. யுத்தத்தின் காரணமாக வடக்கும் கிழக்கும் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. அன்று நம் தாய்மார் கணக்கில் வராமல் போனார்கள். இன்று அவர்களை அளந்து பார்ப்பது பிள்ளைகளான நம் கையில் இருக்கிறது.

உடம்பைப் பற்றிப் பேசுவது வெட்கக்கேடு என்று சிலர் நினைக்கலாம். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடி முந்தியதையும், பின்னொரு காலத்தில் சதை போட்டபின் பிந்தியதையும் தாமே அறிவித்திருக்கிறார்கள். அவர்கள் வெட்கப்படாததில் நாம் ஏன் வெட்கப்பட வேண்டும்?

சகோதரிகளே! முப்பத்தைந்து வயதைத் தாண்டியவர்கள், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளின் ‘சுகவனிதையர் கிளினிக்’ நடக்கும் நாளைக் குடும்ப நல உத்தியோகத்தரிடம் கேட்டு அறிந்து செல்லுங்கள். சோற்றையும் புட்டையும் குறைத்து, மீனையும் கீரையையும் கூட்டுங்கள். பிளேன்ரீக்குச் சீனி வேண்டாம். சட்டியில் மிஞ்சியது வீணாகிறதே என்று உங்கள் வயிற்றில் போடாதீர்கள்.

சகோதரர்களே! வாரத்துக்கு 150 நிமிட நடை வேண்டும் என்கிறார்கள் வைத்தியர்கள். சுபஹு தொழுகைக்குப் பின் மனைவியையும் அழைத்துக்கொண்டு ஒழுங்கையில் நடங்கள். அந்த அரை மணி நேரம் அடுப்படி வேலையை வீட்டிலுள்ள மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். உம்மா இப்போது அப்படித்தான் என் தங்கையோடு நடக்கிறார். ஒரு வருடத்தில் இரண்டு அங்குலம் குறைந்திருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ்.