குல்மார்க்கில் குற்றால நினைப்பு

பிப்ரவரியில் குல்மார்க் போயிருந்தேன். பனிச்சறுக்குக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு அங்கே முதல் பாடமே நிற்பதுதான். இரண்டு கட்டைகளின் முன்நுனியையும் நெருக்கி, குதிகால் பக்கத்தை அகட்டி வைத்தால் வேகம் அடங்கிவிடும். அது பிடிபட்ட நிமிஷம் எனக்குக் குற்றாலத்துப் பேரருவி ஞாபகம் வந்துவிட்டது.

அவ்வளவு உயரத்துத் தண்ணீர் நேராகத் தலையில் விழுந்தால் யார் தாங்குவது? நடுவில் பொங்குமாகடல் என்கிற பாறைக்குடைவில் விழுந்து, வேகம் தணிந்து, பிறகுதான் வழிகிறது. அதனால்தான் ஆச்சியும் பேரனும் சேர்ந்து நிற்க முடிகிறது.

திருநெல்வேலிக்காரர்களுக்கு மலைக்குப் போவது என்றால் குற்றால சீசன்தான். ஜூன் பிறந்ததும் செங்கோட்டைக் கணவாய்க் காற்று, முகத்தில் பூவாகச் சாரல். ஆச்சி உள்ளங்கை குழிய நல்லெண்ணெய் ஊற்றி என் உச்சியில் அப்புவாள். “ஏல, மூச்சை இழுத்துப் பிடிச்சிட்டு உள்ள போ.” குளித்து வந்தால் அகோரப் பசி. புரோட்டா, கோழிச் சால்னா. திரும்பும்போது ஒரு பை மங்குஸ்தான்.

குல்மார்க் பனி உருகி ஜீலத்துக்குப் போகிறது; எங்கள் அருவி சிற்றாறாக ஓடித் தாமிரபரணியில் சேர்கிறது. ஆச்சி இப்போது இல்லை. இந்த ஜூனில் மகளைக் கூட்டிப்போகிறேன். எண்ணெய் நான் தேய்த்துவிடுவேன்.