சதுக்கப் பூதமும் ஒரு சாட்சியும்

ஞாயிறு

அண்ணன் மகள் முலுண்டிலிருந்து வந்திருந்தாள். கையில் செர்கேய் லுக்யானென்கோவின் ‘நைட் வாட்ச்’, 1998இல் ரஷ்ய மொழியில் வந்த நாவல். இன்றைய மாஸ்கோவில் சூனியக்காரிகளும் இரத்தக்காட்டேரிகளும் நடமாட, நல்லவர் கூட்டம் ஒன்று ராத்திரியில் ரோந்து சுற்றுகிறது. அந்த நல்லவர்களின் கையும் சுத்தமில்லை. “தமிழ்ல இப்படி இருக்கா சித்தப்பா? பழைய பாவம் துரத்துற ஆளு, பெரிய ஊரு, பேயி பூதம் எல்லாம்?” என்றாள். சிலப்பதிகாரம் என்றேன். “ஐய, அது பாடப் புஸ்தகம்லா!” என்று டீயை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டாள்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. உ.வே. சாமிநாதையர் 1892இல் அச்சேற்றிக் கொடுத்த காப்பியத்திலிருந்து நம் மேடைகள் எடுத்துக்கொண்டது ஒரு வழக்கையும் ஒரு தீயையும்தான்: பொற்கொல்லன் பொய்யை நம்பிப் பாண்டியன் கோவலனைக் கொல்ல வைக்க, அவன் மனைவி கண்ணகி நியாயம் கேட்டு மதுரையை எரித்த கதை. புகார் நகரத்துக்குள் யாரும் நம்மைக் கூட்டிப் போகவில்லை. ஐந்தாம் காதையில் ஐந்து மன்றங்கள் வருகின்றன. ஒன்றில், காவலில்லாமல் கிடக்கும் சரக்கு மூட்டையில் கைவைத்தவன் அதைத் தலையில் சுமந்தபடி கழுத்து வலிக்கச் சுற்றிச் சுற்றி வருவான். வெளியே கொண்டுபோக முடியாது. இன்னொன்றில், அரசன் முறை தவறினாலோ அவையம் ஒரு பக்கம் சாய்ந்தாலோ ஒரு பாவை வாய் திறக்காமல் அழும். நாற்சந்தியில் பூதம். பொய்த்தவசி, துரோக அமைச்சன், பிறன்மனை நாடுபவன், பொய்ச்சாட்சி, புறங்கூறுபவன் என்று ஆள் பார்த்துப் பாசக் கயிற்றால் கட்டித் தின்னும். நெறி தவறிய பெண்ணையும் அந்த வரிசையில் நிறுத்தியிருக்கிறார்கள். எனக்கு ஒப்பவில்லை.

செவ்வாய்

மும்பை மழை. தண்டவாளத்தில் தண்ணீர். காஞ்சூர்மார்க் தாண்டி லோக்கல் ரயில் நின்றுவிட்டது, பாண்டுப் கண்ணுக்குத் தெரிகிற தூரம்தான். பதினைந்தாவதான அடைக்கலக் காதையை முழுக்கப் படித்து முடித்தேன்.

நாட்டியக்காரி மாதவி, தொலைத்த சொத்து. கோவலனை இந்த இரண்டோடு நிறுத்தியே பழகிவிட்டோம். மதுரைக்கு வெளியே மாடலன் என்னும் மறையவன் அவனைச் சந்தித்து, அவன் செய்த நல்லதையெல்லாம் எடுத்துச் சொல்கிறான். அதில் ஒன்று பூதத்தின் கதை. பத்தினி ஒருத்திமேல் பழி விழும்படி பொய்ச்சாட்சி சொன்னவனைப் பூதம் கட்டிவிட்டது. அவன் தாய் கதறுகிறாள். கோவலன் ஓடிப்போய், இவனை விடு, என் உயிரை எடுத்துக்கொள் என்கிறான். பாவி உயிருக்கு மாற்றாக நல்லவன் உயிரை வாங்கி என் நற்கதியை இழக்க மாட்டேன் என்று பூதம் மறுக்கிறது. கண்ணெதிரே அவனை அடித்துத் தின்கிறது. அந்தத் தாயையும் சுற்றத்தையும் கோவலன் பல்லாண்டு தாங்குகிறான்.

யாரோ ஒரு பொய்யனுக்காக இவன் ஏன் உயிரைக் கொடுக்கப் போனான்? எட்டுக் காதை தள்ளி, மதுரை எரிந்த பிறகு ஒரு செய்தி வருகிறது. முற்பிறவியில் கோவலன், கலிங்கத்துச் சிங்கபுர அரசனிடம் வேலை பார்த்த பரதன். நகை விற்க வந்த சங்கமன் என்ற வணிகனை எதிரியின் ஒற்றன் என்று சொல்லிக் கொல்ல வைத்தவன். பொய்ச்சாட்சிக்காக உயிர் கொடுக்க வந்தவனே ஒரு பொய்ச்சாட்சி! பூதத்தின் முன் நின்றபோது அவனுக்கு அது தெரியாது. பூதத்துக்கும் தெரிந்ததாகக் காணோம். காப்பியம் எழுதிய இளங்கோ இரண்டையும் முடிச்சுப் போடவில்லை. படிக்கிறவன் போட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்.

வியாழன்

மலைச்சரிவில் ‘சால்’ குடியிருப்பில் இருக்கும் பெரியவர் ஒருவரைப் பார்க்கப் போனேன். போலீஸ் சோதனை போடும்போது கூட நின்று பார்த்ததாகக் கையெழுத்துப் போடுகிறவரை இங்கே ‘பஞ்ச்’ என்பார்கள். பார்க்காமலே போடுகிறவர்களும் உண்டு. பெரியவர் வாலிபத்தில் அப்படி ஒன்றில் போட்டார். மாட்டியவன் உள்ளே போனான். அவன் பிள்ளைகளின் பள்ளிக்கூட ஃபீஸை இவர்தான் கட்டினார். யார் கட்டுகிறார் என்று அந்த வீட்டுக்குத் தெரியாது. பூதக் கதையைச் சொன்னேன். ரொம்ப நேரம் கழித்து, “அந்தம்மா அவன் வீட்டுச் சோத்தைச் சாப்பிட்டாளா தம்பி?” என்று கேட்டார். அதை இளங்கோ எழுதவில்லை.

மாட்டுங்கா, தாராவிப் பக்கம் வரதராஜ முதலியார் பேச்சு வந்தால் கணக்கு எளிதாக முடிந்துவிடும். 1988இல் இறந்த மனிதர். சாராயம், கடத்தல் ஒரு பக்கம், ஏழைகளுக்குச் செய்தது மறுபக்கம், கழித்தால் நல்லவர். அவர் கதையைத் தழுவி 1987இல் ‘நாயகன்’ படம் எடுத்த மணிரத்னம், நல்லவரா கெட்டவரா என்ற கேள்வியைப் பேரன் வாயில் வைத்து, பதில் கொடுக்காமல் விட்டார். பார்த்தவர்கள் பதிலைத் தாங்களே போட்டுக்கொண்டார்கள். இளங்கோவிடம் இந்தக் கழித்தல் கிடையாது. கோவலன் செய்த நல்லது எதுவும் வாளுக்குக் குறுக்கே வரவில்லை. ஆனாலும் சாவுக்குச் சற்று முன்னால் அத்தனையையும் ஒன்றுவிடாமல் சொல்ல வைத்துவிட்டுத்தான் அவனைச் சாகவிடுகிறார். பாவம் பிறகுதான் வருகிறது.

சனி

இருபத்துமூன்றாவதான கட்டுரை காதை. மதுராபதித் தெய்வம் கண்ணகிக்கு முன்னால் வராமல் பின்னால் வந்து நின்று பேசுகிறது. முதலில் பாண்டியர் பெருமை. தன் கையையே வெட்டிக்கொண்ட பாண்டியன் கதை. அப்புறம் வார்த்திகன் என்ற மறையவன் கதை. சிவகாசிப் பக்கத்துத் திருத்தங்காலில் அவன் புதையல் எடுத்தான் என்று அரண்மனை ஆட்கள் சிறையில் போட, ஐயை கோயில் கதவு அடைத்துக்கொள்கிறது. அரசன் உண்மை அறிந்து தரையில் விழுந்து மன்னிப்புக் கேட்டு நிலம் தருகிறான். தெய்வம் இதைப் பெருமையாகச் சொல்கிறது. எனக்கோ பழைய குற்றப் பதிவேட்டைப் புரட்டுவது போலிருக்கிறது: விசாரிக்காமல் பிடித்துப்போடுவது அந்த ஊருக்குப் புதிதில்லை. இவ்வளவுக்கும் பிறகுதான் சங்கமன் கதை வருகிறது. உன் கணவன் இறந்தது அவன் வினையால் என்று முடிகிறது.

ஊர் எரிகிறது, அரசன் செத்துக் கிடக்கிறான், பேசுவது அந்த ஊரின் காவல் தெய்வம். இந்தச் சாட்சிக்கு வழக்கில் சொந்த அக்கறை உண்டு. கண்ணகி எதிர்த்துப் பேசவில்லை, ஏற்றுக்கொண்டேன் என்றும் சொல்லவில்லை. கொற்றவை வாசலில் வளையலை உடைத்துப் போட்டு மேற்கு வாசல் வழியே வெளியேறுகிறாள்.

பரதனின் பொய் உண்மை என்றே வைத்துக்கொண்டாலும், பொற்கொல்லனின் பொய்க்கும் அரசனின் அவசரத்துக்கும் அது பதிலாகாது. ஊழ்வினை என்று சொல்லிக் காப்பியத்தை மூடிவைப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: இருபத்துமூன்றாம் காதையை மட்டும் எடுக்காதீர்கள். ஐந்து, பதினைந்து, பிறகு இருபத்துமூன்று என்று வரிசையாகப் படியுங்கள்.